சும்மா நிற்கும் கம்ப்யூட்டர் திரையில் கடிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். டவுனில் ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டர், பேட்டையில் டியூஷன் சென்டர், வண்ணார்பேட்டையில் கிளினிக் வரவேற்பு மேசை என்று எங்கே போனாலும், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் திரையில் கடிகாரம் வைப்பது பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றித்தான் இருக்கும். மற்றவற்றுக்கும் கீழே இடம் உண்டு.

அண்ணாச்சி, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரை பூரா மணி தெரியுத மாதிரி வச்சுக்கிடலாமா?

தாராளமாக வைக்கலாம். அதற்குப் பெயர் ஸ்கிரீன் சேவர். கீபோர்டையும் மவுஸையும் நீங்கள் குறித்த நிமிடங்களுக்கு யாரும் தொடாமல் இருந்தால், விண்டோஸ் தானாகவே ஒரு சின்ன புரோகிராமைத் திரை முழுக்க ஓட விடும். மவுஸை லேசாக அசைத்தால் அது மறைந்துவிடும்; விட்ட இடத்தில் உங்கள் வேலை அப்படியே இருக்கும். அந்தப் புரோகிராம் குமிழிகளாக இருக்கலாம், குடும்பப் படங்களாக இருக்கலாம், கடிகாரமாகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் கடிகாரம்தான் உருப்படியான தேர்வு. ஆட்கள் காத்திருக்கும் இடத்திலும், பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதும் அறையிலும் சுவர்க் கடிகாரத்தைத் தேட வேண்டாம். கடைசி பெஞ்சில் இருந்தே மணி தெரியும்.

அந்த இடத்துக்கு எப்படிப் போகணும்? செட்டிங்ஸ்ல தேடித் தேடிப் பாத்துட்டேன், கிடைக்க மாட்டேங்கு.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் ஸ்கிரீன் சேவர் என்று டைப் செய்யுங்கள். 'சேஞ்ச் ஸ்கிரீன் சேவர்' என்று வருவதைத் திறந்தால் போதும். சுற்றுவழியில் போவதென்றால் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் என்று போய்ப் பக்கத்தின் அடிவரை இறங்க வேண்டும். அடியில் இருப்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

திறப்பது ஒரு சின்னப் பெட்டி. மேலே குட்டி மானிட்டர் படம், அதன் கீழே தேர்ந்தெடுக்கும் பட்டியல், பக்கத்தில் 'செட்டிங்ஸ்', 'பிரிவ்யூ' என்று 2 பட்டன்கள், அதற்கும் கீழே எத்தனை நிமிடம் என்று கேட்கும் 'வெயிட்'. கீழே வரும் பதில்களில் 'ஸ்கிரீன் சேவர் பெட்டி' என்று நான் சொல்வது இதைத்தான்.

நெட்ல இருந்து எதையும் இறக்காம, உள்ள இருக்கதை வச்சே செய்ய முடியாதா?

முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்கிரீன் சேவர் பெட்டியின் பட்டியலில் '3டி டெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்துங்கள். 'டைம்', 'கஸ்டம் டெக்ஸ்ட்' என்று 2 வாய்ப்புகள் வரும். 'டைம்' என்பதைக் குறித்து ஓகே கொடுத்தால், அப்போதைய மணி முப்பரிமாண எழுத்தில் திரையில் மிதக்கும். பணம் இல்லை, வைரஸ் பயமும் இல்லை. இதையே முதலில் வைத்துப் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அதே இடத்தில் 'ரொட்டேஷன் டைப்' என்று இருக்கும். வைத்த உடனே அது கழன்று சுழன்று ஆடுவது பிடிக்காவிட்டால் அதை 'நன்' என்று மாற்றுங்கள். எழுத்தின் அளவைக் கூட்ட ஒரு இழுவை இருக்கிறது. வலது கோடிக்கு இழுத்துவிடுங்கள். நிறத்தைத் தனியாகக் குறிக்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளையோ மஞ்சளோ வைத்தால் தூரத்தில் நன்றாகத் தெரியும்.

தம்பி, அந்த எழுத்து இடம் மாறிக்கிட்டே இருக்கு. எனக்கு ஒரே இடத்துல நிக்கணும், பழைய ஸ்டேஷன் போர்டு மாதிரி மடிஞ்சு விழுதே, அது வேணும்.

அதற்கு ஃபிளிப் கடிகாரம் என்று பெயர். விண்டோஸிலேயே வருவதில்லை, தனியாக இறக்க வேண்டும். இந்த வகையில் ரொம்பப் பேர் வைத்திருப்பது ஃப்ளிக்லோ. ஜப்பானிய வடிவமைப்பாளர் யூஜி அடாச்சி செய்தது. கறுப்புத் திரையில் மணிக்கு ஒரு பலகை, நிமிடத்துக்கு ஒரு பலகை. நிமிடம் மாறும்போது பலகை மடிந்து விழும். வேறு எதுவும் திரையில் இருக்காது. கிளினிக் வரவேற்பறைக்கு இதுபோல் சுத்தமான கடிகாரம்தான் பொருத்தம்.

இறக்கிய கோப்பில் நிறுவும் புரோகிராம் இருந்தால் அதை ஓட்டினால் போதும். சிலது வெறும் எஸ்சிஆர் என்று முடியும் கோப்பாக வரும். அதன் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11 என்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போக வேண்டியிருக்கும். கொடுத்ததும் ஸ்கிரீன் சேவர் பெட்டி தானாகத் திறக்கும். உங்கள் கடிகாரம் ஏற்கெனவே தேர்வாகி நிற்கும்.

கூகிள்ல தேடுனா வண்டி வண்டியா வருது. எதை நம்பி இறக்குதது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். எஸ்சிஆர் கோப்பைப் படம் மாதிரி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். அது முழுமையான புரோகிராம். எக்ஸ்இ கோப்பு சட்டை மாற்றிக்கொண்டு வந்தது போலத்தான். எக்ஸ்இ கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்ய முடியுமோ, அத்தனையையும் எஸ்சிஆர் கோப்பும் செய்ய முடியும். அதனால்தான் வைரஸ் அனுப்புகிறவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. மெயிலில் 'இன்வாய்ஸ்' என்றோ 'போட்டோ' என்றோ பெயர் வைத்து, கடைசியில் எஸ்சிஆர் என்று முடித்து அனுப்புவார்கள். விண்டோஸ் வழக்கமாக அந்தக் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுவதால் பார்ப்பவருக்குப் படமாகவே தெரியும்.

நான் எல்லோரையும் செய்யச் சொல்வது இது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை எப்போதும் டிக் செய்து வையுங்கள். கடிகாரத்தை அதைச் செய்தவரின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். பக்கம் முழுக்க பச்சை நிற 'டவுன்லோட்' பட்டன்கள் மின்னினால் மூடிவிட்டு வாருங்கள். இறக்கியதை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும், இலவசம்தான். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய கடிகாரத்தை மட்டும், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம். அதில் வருடக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல நல்ல கடிகார ஆப் ஒண்ணு போட்டிருக்கேன். அது ஏன் பட்டியல்ல வரலை?

ஆப் வேறு, ஸ்கிரீன் சேவர் வேறு. அந்தப் பட்டியலில் எஸ்சிஆர் வடிவில் இருப்பவை மட்டுமே வரும். விண்டோஸோடு வரும் 'கிளாக்' ஆப்பும் இதே கதைதான். அலாரத்துக்கும் டைமருக்கும் உதவும், ஸ்கிரீன் சேவராக நிற்காது. அந்த ஆப்தான் பிடித்திருக்கிறது என்றால், வேண்டும்போது நீங்களே திறந்து முழுத்திரையில் விட்டுக்கொள்ளலாம். தானாக வராது, தானாகப் போகாது.

சார், எங்கிட்ட ஒரு கடிகார எக்ஸ்இ இருக்கு. பேரை எஸ்சிஆர்னு மாத்திப் போட்டா ஓடும்னு சொல்லுதாங்க. உண்மையா?

ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. ஸ்கிரீன் சேவரை அழைக்கும்போது விண்டோஸ் கூடவே ஒரு குறிப்பு கொடுக்கும். முழுத்திரையில் காட்டு என்பதற்கு எஸ், அமைப்புகளைத் திற என்பதற்கு சி, பெட்டியில் உள்ள குட்டி மானிட்டரில் காட்டு என்பதற்கு பி. ஸ்கிரீன் சேவராகவே எழுதப்பட்ட புரோகிராமுக்கு இந்த 3 எழுத்தும் புரியும். சாதாரணக் கடிகாரத்துக்குப் புரியாது. பெட்டியைத் திறந்த உடனே கடிகாரம் தனி ஜன்னலாக வந்து நிற்கும். மவுஸை அசைத்தாலும் போகாது. ஒவ்வொரு முறையும் நீங்களே மூட வேண்டும். பரீட்சை பண்ணிப் பார்க்கச் செய்யலாம், கடையில் வைக்க வேண்டாம்.

நேத்து வரை ஓடுச்சு. இன்னைக்கு வேற ஒண்ணை மாத்திப் பாத்துட்டுத் திரும்பி வந்தா, கடிகாரத்தைப் பட்டியல்லயே காணோம்.

வலது கிளிக்கில் 'இன்ஸ்டால்' கொடுத்தீர்கள் அல்லவா, அது கோப்பை வேறெங்கும் கொண்டுபோய் வைப்பதில்லை. எங்கே கிடக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறொன்றைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் குறிப்பு போய்விடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்தாலும், பென் டிரைவில் வைத்து இன்ஸ்டால் செய்துவிட்டு அதைப் பிடுங்கினாலும் இதே கதிதான்.

நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் எஸ்சிஆர் கோப்பை சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் நகலெடுத்துப் போடுங்கள். அட்மின் அனுமதி கேட்கும், கொடுங்கள். அதற்கப்புறம் பட்டியலில் எப்போதும் இருக்கும். அந்த ஃபோல்டரில் வேறு எதையும் தொடாதீர்கள்.

எத்தனை நிமிஷம் வைக்கலாம்?

குறைந்தது 1 நிமிடம் வைக்கலாம். பில்லிங் கவுண்டருக்கு 5, வீட்டுக்கு 10 என்று வைத்துக்கொடுக்கிறேன். 1 நிமிடம் என்று வைத்தால், கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்வதற்குள் கடிகாரம் வந்து நின்று எரிச்சலாகும்.

5 நிமிஷம்னு வச்சேன். கடிகாரம் வராம திரையே இருட்டாப் போவுதே?

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். விண்டோஸில் 2 தனித்தனி நேரக் கணக்கு ஓடுகிறது. ஒன்று ஸ்கிரீன் சேவர் பெட்டியில் நீங்கள் வைத்தது. இன்னொன்று மின்சாரத்தை மிச்சப்படுத்தத் திரையை அணைக்கும் நேரம். அது செட்டிங்ஸில் 'சிஸ்டம்' என்பதற்குள் 'பவர்' பகுதியில் இருக்கிறது. அங்கே 5 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் திரை முதலில் அணைந்துவிடும். கடிகாரத்துக்கு வேலையே வராது.

கடிகாரத்துக்கு 5 என்றால் திரை அணைய 30 வையுங்கள். 5 நிமிடத்தில் கடிகாரம் வரும், 25 நிமிடம் நிற்கும், அப்புறம் திரை அணையும். கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க வேண்டுமென்றால் 'நெவர்' என்று வைக்கலாம். அப்போது கடை அடைக்கையில் மானிட்டரை அணைக்கும் பொறுப்பு உங்களுடையது. பக்கத்திலேயே 'ஸ்லீப்' என்று ஒன்று இருக்கும். அதையும் பார்த்து, கடிகார நேரத்தை விடக் கூடுதலாக வையுங்கள்.

அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. திரையும் அணையலை, கடிகாரமும் வரலை.

முதலில் 'பிரிவ்யூ' பட்டனை அழுத்திவிட்டு மவுஸில் இருந்து கையை எடுங்கள். கடிகாரம் வந்தால் புரோகிராமில் குறையில்லை. யாரோ அல்லது எதுவோ கம்ப்யூட்டரைச் சும்மா இருக்க விடவில்லை என்று அர்த்தம்.

நம் பக்கத்துக் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது மவுஸ்தான். மேசை நேராக மின்விசிறிக்குக் கீழே இருக்கும், மேலே கண்ணாடி போட்டிருப்பார்கள். கண்ணாடியில் ஆப்டிகல் மவுஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. விசிறி வேகத்தில் மேசை அதிர, திரையில் அம்பு ஒரு நூல் அளவு துடித்துக்கொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். விண்டோஸைப் பொறுத்தவரை ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். மவுஸைக் கவிழ்த்துப் போட்டு வைத்துப் பாருங்கள். கடிகாரம் வந்துவிட்டால் காரணம் அதுதான். கீழே ஒரு மவுஸ் பேட் போட்டால் தீர்ந்தது.

அடுத்தது வீடியோ. பிரவுசரில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தால் திரையை மறைக்காதே என்று அது விண்டோஸிடம் சொல்லிவைக்கும். பின்னால் பாட்டு போட்டுவிட்டுக் கடிகாரத்தை எதிர்பார்ப்பவர்கள் அதை மூடிவிட்டுப் பார்க்கவும். ஜாய்ஸ்டிக் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

கடிகாரம் ஓடும்போது டவுன்லோடு நின்னுருமா? டாலி கணக்கு போயிருமா?

எதுவும் நிற்காது. ஸ்கிரீன் சேவர் திரையை மட்டும்தான் மறைக்கிறது. பின்னால் டவுன்லோடு நடக்கும், பிரிண்ட் ஓடும், டாலி திறந்தபடியே இருக்கும். நிறுத்துவது 'ஸ்லீப்'. அதனால்தான் முன்பே அதையும் பார்க்கச் சொன்னேன்.

ஸ்கிரீன் சேவர் வச்சா கரண்ட் மிச்சம்னு சொல்லுதாங்களே?

மிச்சமில்லை. இப்போதைய எல்சிடி, எல்இடி மானிட்டரில் பின்னால் இருந்து ஒரு விளக்கு எரிகிறது. திரை கறுப்பாக இருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். 20 வாட் மானிட்டர் ஒன்றில் தினமும் 8 மணி நேரம் கடிகாரம் ஓடினால், 60 நாளில் 9.6 யூனிட். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 10 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது மானிட்டருக்கு மட்டும்; கேபினட் தனி. உங்கள் மானிட்டர் எத்தனை வாட் என்பது பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும்.

ஆகவே, நாலு பேர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத அறையில் வைக்க வேண்டாம். அங்கே திரை அணைவதே நல்லது.

ராத்திரி பகலா ஒரே எண் நின்னா திரையில தழும்பு விழுமா?

ஸ்கிரீன் சேவர் பிறந்ததே இந்தத் தழும்புக்குப் பயந்துதான். பழைய குழாய் மானிட்டரில் உட்பக்கம் பாஸ்பர் பூச்சு இருக்கும். ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் பூச்சு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து, அணைத்த பிறகும் நிழல் தெரியும். எல்சிடி திரையில் அப்படித் தேய பாஸ்பர் கிடையாது. எப்போதாவது லேசான நிழல் தங்கினாலும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

ஓலெட் திரை என்றால் கவனம் வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுவதால், ஒரே இடத்தில் நின்றெரிந்தால் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் மங்கும். அதற்கு இடம் மாறும் 3டி டெக்ஸ்டே பொருத்தம். ஃபிளிப் கடிகாரம்தான் வேண்டுமென்றால் 10 நிமிடத்தில் திரை அணையும்படி வையுங்கள்.

ரயில்வே டைம் காட்டுது. சாதாரணமா 12 மணிக் கணக்கு வரணும்.

ஸ்கிரீன் சேவர் பெட்டியில் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தபின் 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான ஃபிளிப் கடிகாரங்களில் 12, 24 என்று மாற்ற இடம் இருக்கும்.

முன்னாடி விண்டோஸ் 7ல வச்சிருந்த கடிகாரம் இப்போ வெறும் கறுப்பா நிக்கி.

பழைய கடிகாரங்கள் பல அடோபியின் ஃபிளாஷில் செய்யப்பட்டவை. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி அடோபியே தடுத்துவிட்டது. பழைய கோப்பை நகலெடுத்துக் கொண்டுவந்து பயனில்லை. அதற்காக நெட்டில் தேடி ஃபிளாஷை ஏற்றவும் வேண்டாம். அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் ஆபத்து அதிகம். ஃபிளாஷ் தேவைப்படாத புதிய கடிகாரத்தை மேலே சொன்னபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்தப் பெட்டியில எல்லாமே மங்கலா இருக்கு. எதையும் மாத்த விடலை.

அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் பூட்டி வைத்திருக்கிறார். வங்கி, அரசு அலுவலகம், கல்லூரி லேப் போன்ற இடங்களில் இப்படித்தான் இருக்கும். குறுக்குவழி தேடாமல் அவரிடமே கேளுங்கள்.

பூட்டாத கம்ப்யூட்டராக இருந்தாலும், மற்றவர் கை படும் இடத்தில் இருந்தால், பெட்டியில் 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்பதை டிக் செய்யுங்கள். கடிகாரத்தைக் கலைத்தவுடன் பாஸ்வேர்டு கேட்கும். கிளினிக்கில் நோயாளி விவரம் திறந்திருக்கும்போது நர்ஸ் எழுந்து போனாலும் பயமில்லை.

கடிகாரம் அழகா இருக்கு அண்ணாச்சி, ஆனா தினம் காலையில தப்பா மணி காட்டுது. தேதியும் பழசு.

ஸ்கிரீன் சேவருக்கென்று தனி நேரம் கிடையாது. கம்ப்யூட்டர் சொல்வதை அது பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மூல நேரம் மதர்போர்டில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் அதை ஓட்டுவது சிஆர்2032 என்ற நாணய அளவு 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். கடை அடைக்கும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது நம் ஊரில் வழக்கம். அப்போது ராத்திரி முழுக்க அந்தப் பேட்டரிதான் சுமக்கிறது. அதனால் கடைக் கம்ப்யூட்டர்களில் அது சீக்கிரம் தீரும்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். தேதி தப்பினால் பில்லில் தப்பான தேதி விழும். இணையதளங்கள் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று திறக்க மறுக்கும். மாற்றுவது சுலபம்: பவர் வயரைச் சுவரில் இருந்து பிடுங்குங்கள், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள், பேட்டரியின் ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது எகிறி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள். அப்புறம் ஆன் செய்து தேதியைச் சரிசெய்ய வேண்டும்.

பேட்டரி மாத்தியாச்சு. ஆனாலும் ரெண்டு மூணு நிமிஷம் முன்ன பின்ன இருக்கு.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'டேட் அண்ட் டைம்' போங்கள். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' ஆனில் இருக்க வேண்டும். நேர மண்டலத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று சேர்த்து எழுதியிருக்கும் +05:30ஐத் தேர்ந்தெடுங்கள். கீழே 'சிங்க் நவ்' அழுத்தினால் இணையத்தில் இருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் வாரம் ஒருமுறை போனைப் பார்த்துத் திருத்துவதுதான் வழி.

மேக்குக்கும் லினக்ஸுக்கும்?

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே 'ஸ்கிரீன் சேவர்' அமைப்பு இருக்கிறது. ஃப்ளிக்லோ அதற்கும் உண்டு. முதல் முறை திறக்க மறுத்தால் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் அனுமதி கொடுக்க வேண்டும்.

லினக்ஸில் எந்த டெஸ்க்டாப் என்பதைப் பொறுத்தது. மின்ட் என்ற லினக்ஸ் வகையின் சின்னமன் டெஸ்க்டாப்பில் ஸ்கிரீன் சேவர் அமைப்பிலேயே கடிகாரம் உண்டு. மற்றவற்றுக்கு ஜேமி ஸாவின்ஸ்கி 1992 முதல் வளர்த்துவரும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் இருக்கிறது. உங்கள் லினக்ஸின் மென்பொருள் பட்டியலில் இருந்தே ஏற்றுங்கள். அதே பெயரில் விண்டோஸுக்கு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

வேலை பாக்கும்போதும் பெருசா மணி தெரியணும். ஸ்கிரீன் சேவர் அப்போ வராதுல்லா?

வராது. அதற்கு டெஸ்க்டாப்பின் மேலேயே கடிகாரம் வைக்கும் ரெயின்மீட்டர் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. மேலே இறக்குவது பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ஏ தம்பி, ராகு காலம், நல்ல நேரமும் கூடவே காட்டுத மாதிரி ஒண்ணு போட்டுத் தாயேன்.

நம்பி ஏற்றக்கூடிய ஸ்கிரீன் சேவர் கடிகாரம் எதிலும் நான் இதைப் பார்க்கவில்லை, ஆச்சி. நாட்காட்டித் தாளில் இருக்கும் ராகு காலம், காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் பகலை ஒன்றரை மணி வீதம் 8 பங்காக்கியது: திங்கள் 7:30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4:30. கிழமைக்குக் கிழமை வேறாக இருந்தாலும் வாராவாரம் மாறாத கணக்கு என்பதால் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொடுத்தேன். ஆச்சிக்கு அதுவே போதுமென்று ஆயிற்று. உதயத்தை வைத்து நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது போதாது. நம் ஊரில் ஜனவரிக் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரையைத் தாண்டிவிடும்.

ஒரே கம்ப்யூட்டர்ல லினக்ஸும் விண்டோஸும் வச்சிருக்கேன். லினக்ஸ்ல இருந்துட்டு விண்டோஸுக்கு வந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னால போயிருது.

பேட்டரியில் குறையில்லை. மதர்போர்டில் உள்ள நேரத்தை இந்த இரண்டும் வெவ்வேறு விதமாகப் படிக்கின்றன. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எழுதிவைக்கும். விண்டோஸ் அதே எண்ணை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். அந்த இடைவெளிதான் உங்கள் திரையில் தெரிகிறது. ஒன்றை மற்றதோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்வது சுலபம். அது முடிந்ததும் விண்டோஸுக்கு வந்து, முன் சொன்னபடி ஒருமுறை 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

பள்ளியில் நிழலில்லா நாளுக்கு (சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நட்ட கம்புக்கு நிழல் விழாத நாள்) கடிகாரத்தைப் பெரிய திரையில் வைத்தோம். 12 மணிக்கு நிழல் மறையவில்லை. கம்ப்யூட்டர் நேரம் தப்பா, சார்?

நேரம் சரிதான், டீச்சர். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. திருநெல்வேலி ஏறக்குறைய 77.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் அந்தக் கோட்டைத் தாண்டி நம் தலைக்கு மேலே வர சராசரியாக 19 நிமிடம் கூடுதலாகும்.

நம் ஊருக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் நடுவாக்கில் ஒன்றும் ஆகஸ்ட் கடைசியில் ஒன்றுமாக வருடத்தில் 2 முறை வரும். இரண்டு நாளிலும் உச்சி 12:20ஐ ஒட்டித்தான் வரும். பிள்ளைகளை 12:10க்கே வெயிலில் கம்பை நட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அன்று காலையிலேயே 'சிங்க் நவ்' கொடுத்துவிட்டு, திரை அணையும் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி வையுங்கள்.